இறைச்சிக்கடைச் சுவர்

சுவரில் துடைத்த இடம் மறுபடியும் மினுங்கியது. வசந்தமலர் விரலால் தொட்டுப் பார்த்தாள். கொழுப்பு. இளஞ்சூடாக இருந்தது. சீ என்று விரலைத் துணியில் தேய்த்தாள்.

ஒஸ்லோவின் குறொன்லான் பக்கம் அந்தக் கடை நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. முகப்பில் மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்கள், ஆளுயரக் கண்ணாடி, சுவரெல்லாம் வெள்ளைப் பீங்கான் ஓடு, மேல் விளிம்பில் சுதைத் திராட்சைக் குலைகள். எல்லாம் ஓர் இறைச்சிக்கடைக்காரன் காசைக் கொட்டிக் கட்டியவை. அவனுக்குப் பிறகு செருப்புக் கடைக்காரன், பூக்கடைக்காரி என்று எத்தனையோ பேர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். வாடகை மலிவு என்றதும் புருஷன் சுரேன் பலசரக்குக் கடை போட விழுந்தடித்து எடுத்தான். மலிவென்றால் ஏனென்று கேட்கும் புத்தி அவன் பரம்பரைக்கே கிடையாது.

அவளுக்கு இது ஆறாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவும் கடையைக் கழுவத் தொடங்கியதிலிருந்து அசையவில்லை. இதயம் துடிக்கிறது, பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை.

"இஞ்சாருங்கோ, ஊத்தை மணம் மணக்கேல்லையோ?"

"பிள்ளைத்தாச்சிக்கு எல்லாம் மணக்குமப்பா. வான் வண்டியிலை கிடக்கிற சாமானை இறக்கிக்கொண்டு வாறன்."

அவன் போனான். நவம்பர் மாதத்துப் பின்னேரம் அதற்குள் இருட்டிவிட, வெளியே பேருந்துகள் ஈரத் தெருவை உரசிப் போகும் சத்தத்துக்கு நடுவே, வேகவைத்த கொழுப்பும் பழைய இரத்தமும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கி நாக்கில் படிந்தது. ஓர் ஓடு உப்பியிருந்தது. கத்தி முனையால் நெம்பினாள். கழன்று விழுந்தது.

பின்னால் செங்கல் இல்லை. மஞ்சள் கொழுப்பு. அதில் மயிர். மெல்ல ஏறி இறங்கியது.

ஓங்காளித்துக்கொண்டு குனிந்தாள். அப்போதுதான் பிள்ளை உதைத்தது.

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. கதவுப் பக்கம் விலகினாள். அசைவு நின்றது. சுவரண்டை வந்தாள். உதைத்தது. விலகினாள். ஒன்றுமில்லை.

திரும்பி வந்தாள். வாயில் எச்சில் ஊறியது. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. கையை விட்டு அள்ளினாள்.

விழுங்கினாள். உதைத்தது.

"என்னப்பா சாப்பிடுறாய்?" வாசலில் அரிசி மூட்டையோடு சுரேன்.

பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. பல்லிடுக்கில் மயிர். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். அங்கே ஒரு சின்னப் பாதம் அவள் உள்ளங்கையில் உதைத்தது.