குட் நைட் நங்கூரம்

அல்போன்சாவின் அண்ணன் ரோச்சுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று காலையும் அது சும்மா இருக்கவில்லை.

"எம்மா, ராத்திரிக்கு இவளுக்கும் சேத்தே உலை வையி. ஒரு மழை விழுந்தா போதும், அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்துருவா."

"பாத்துக்கிட்டே இரு. நாளைக்குக் காலையிலதான் வருவேன்," என்றாள் அல்போன்சா.

அவள் ஆறாம் வகுப்பு. பள்ளியின் சாரணியர் குழு கடற்கரையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறது. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. இப்போது பாதியில் திரும்பி வந்தால், ரோச் அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கிழவியாக்கிவிடுவான்.

அது கார்த்திகை மாதம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றும் லாரி ஒன்று, பிள்ளைகளை உப்பளங்களுக்கு அப்பால் மணல்மேட்டில் இறக்கிவிட்டது. வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

ஞானபாய் டீச்சர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"இருட்டுறதுக்கு முன்னால லாரி திரும்ப வரும். அப்போ ஒரு கூடாரம் சாய்ஞ்சு கிடந்தாலும், எல்லாரும் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நனைஞ்சு காய்ச்சல் வந்தா உங்க அம்மாமாருக்கு யாரு பதில் சொல்லுறது?"

அல்போன்சாவுக்கு உடனே ரோச்சின் இளிப்பு நினைவுக்கு வந்தது.

அவளுடைய கூடாரத்தில் ஆறு பேர். மில்லர்புரத்துத் தேவகனி மணலில் முளை அடித்தாள். அல்போன்சா முளையில் கயிறு கட்டினாள்.

"கயிறைக் கொஞ்சம் தளர விடணும்னு டீச்சர் சொன்னாங்களே," என்றாள் தேவகனி.

"தளர விடவா? எங்க அப்பா கேட்டா சிரிப்பாங்க! கட்டுமரத்துல கட்டு தளர்ந்தா மரமெல்லாம் பிரிஞ்சு தனித்தனியா மிதக்கும். நீ பேசாம அடி."

அல்போன்சா காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இழுத்துக் கட்டினாள். கயிறு விறைத்து நின்றது. தன் வேலையைத் தானே ஒருமுறை சுற்றி வந்து பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மழை வந்தது, வாடைக்காற்றும் கூடவே வந்தது. தூத்துக்குடியில் யாரிடம் கம்பளிச் சட்டை இருக்கிறது? ஆறு பேரும் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குள் நடுங்கினார்கள்.

அப்போது 'பொதுக்' என்று ஒரு சத்தம். ஒரு முளை மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பிறகு இன்னொன்று. கூடாரம் ஒருபக்கமாகச் சரிந்து அற்புதமணியின் தலையில் உட்கார்ந்தது.

"ஏளா தேவகனி! முளையை இப்படியா அடிப்பாங்க?" என்று கத்தினாள் அற்புதமணி. "உன்னாலதான் எல்லாரும் வீட்டுக்குப் போகப் போறோம்!"

தேவகனி தலையைக் குனிந்துகொண்டாள்.

அல்போன்சா வெளியே வந்து, மிச்சம் நின்ற கயிறுகளில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அது இரும்புக் கம்பியாக இருந்தது. நனைந்த கயிறு இறுகும். கட்டுமரத்துக்கு அது நல்லது, கட்டு விடாது. இங்கே அதே கயிறு இறுகி இறுகி முளையையே பிடுங்கிவிட்டது.

இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் உள்ளே தேவகனி மூக்கை உறிஞ்சுவது அவள் காதில் விழுந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவ சரியாத்தான் அடிச்சா," என்றாள் உரக்க. "கயிறை இறுக்கினது நான். நனைஞ்சதும் இன்னும் இறுகி முளையைப் பிடுங்கிருச்சு. தளர விடுன்னு அவ சொன்னா, நான்தான் கேக்கல."

"அடிப்பாவி!" என்றாள் அற்புதமணி. "சரி, இப்ப என்ன செய்ய? இந்த ஈர மணல்ல இனிமே முளை நிக்காதே."

அல்போன்சா கடலைப் பார்த்தாள். தூரத்தில் ஒரு தோணி அலையில் ஆடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றது.

"நங்கூரம் போடுவோம்!" என்றாள்.

விறகும் பாத்திரமும் வந்த சாக்குகளை எடுத்தார்கள். ஈர மணலை அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, குழி தோண்டிப் புதைத்தார்கள். கயிறுகளை முளைக்குப் பதில் சாக்குகளில் கட்டினாள் அல்போன்சா.

"தேவகனி, இந்தத் தளர்ச்சி போதுமா?"

"இன்னும் கொஞ்சம் விடு."

அல்போன்சா மறுபேச்சு இல்லாமல் விட்டாள்.

கடைசிக் கயிற்றுக்குச் சாக்கு இல்லை. தேவகனி உள்ளே ஓடித் தன் தலையணை உறையை உருவிக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு ரோஜாப்பூவும், நடுவில் 'குட் நைட்' என்ற எழுத்தும் நூல் வேலை செய்திருந்தது.

"ஏளா, உங்க அம்மா பாத்தா?"

"கொன்னுருவாங்க," என்று சொல்லிக்கொண்டே, தேவகனி அதற்குள் மணலை அள்ளிப் போட்டாள்.

குட் நைட்டைப் புதைத்து முடிக்கவும் லாரி வரவும் சரியாக இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர், பிள்ளையளை ஏத்தட்டுமா?"

காற்றில் வெளிப்புறமாக மடங்கிய குடையோடு ஞானபாய் டீச்சர் வந்தார். மற்றக் கூடாரங்கள் நின்றன. இந்தக் கூடாரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். குடையைக் கீழே போட்டுவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

கூடாரம் அசையவில்லை. டீச்சர்தான் வழுக்கி மணலில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. டிரைவர் அடக்கவே இல்லை.

"நீங்க போயிட்டுக் காலையில வாங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர், உட்கார்ந்தபடியே.

அன்று ராத்திரி எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. குளிர் விடவில்லை, மழையும் விடவில்லை. ஆறு பேரும் ஒட்டி உட்கார்ந்து, பல் கிடுகிடுக்கப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு நன்றாக இல்லை.

காலையில் அல்போன்சா வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சட்டியைத் திறந்து காட்டினாள்.

"ராத்திரி உனக்குன்னு எடுத்து வச்ச சோறு அப்படியே கிடக்கு. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

ரோச் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணே, நில்லு," என்றாள் அல்போன்சா. "நீ வைக்கச் சொன்ன சோறுதானே? நீயே தின்னு."

ரோச் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். அம்மா தொட்டுக்கொள்ள ஒரு துண்டு சுட்ட கருவாடு வைத்தாள்.

கருவாட்டை மட்டும் அல்போன்சா எடுத்துக்கொண்டாள்.