பாதிக் காபியும் ஐந்தாவது ஹாலும்

அவன் ஆட்டோவுக்குள் ஒரு காலைத்தான் எடுத்து வைத்திருந்தான். அதற்குள் மகா அந்த ஆட்டோவில் முழுதாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஹலோ... இது நான் நிறுத்தின ஆட்டோங்க."

"நிறுத்தினீங்க. ஏறலையே?"

ஹைகோர்ட்டின் சிவப்புச் சுவரே கரைந்துவிடும்போல மழை கொட்டியது. மடியில் கேஸ் கட்டு, அதன்மேல் கறுப்பு கவுன், அதன்மேல் அவள் கை. கட்டு நனையாமலிருக்க அவள் பாதி நனைந்திருந்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஜகள பேடா மேடம், எல்லிகெ?" என்றார் கன்னடத்தில். சண்டை வேண்டாம், எங்கே போகணும் என்று.

"விவேக் நகர்."

"சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டு," என்றான் அவன். "நான் அத்திபெலே பஸ்ஸைப் பிடிக்கணும். அதே ரூட்தான்... ஓரமா உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க. ஆனா நனைஞ்ச குடையை என் பக்கம் வைக்காதீங்க."

அவன் கண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பெரிய அழகுக் கண்களெல்லாம் இல்லை. தூக்கம் கெட்ட கண்கள். இமைகளில் மழைத்துளி தொங்க, துடைக்கக் கூடத் தோன்றாமல் எதிராளி சொல்வதை முழுதாகக் கேட்கிற கண்கள். மகாவுக்கு இதுவரை யாரும் தன்னை அப்படிக் கேட்டதாக நினைவில்லை. கோர்ட்டில் கூட...

ரிச்மண்ட் சர்க்கிளில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. ஆட்டோ இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. இருவரும் ஓடிப்போய் ஒரு அய்யங்கார் பேக்கரிக் கூரையடியில் நின்றார்கள். இரண்டு காபி, இரண்டு கார பன்.

"வக்கீலா?" என்றான்.

"பார்த்தா எப்படித் தெரியுது?"

"ஆட்டோவை எடுத்துக்கிட்ட விதத்துல தெரியுது."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "வக்கீல்தான், பேரு மகா. நீங்க என்ன பண்றீங்க?"

"சட்டம்தான் படிச்சேன். வேலை... படிக்கறது, தேடறது. அவ்வளவுதான்."

"அப்ப புரியும், கேளுங்க. எங்க கேஸு. துப்புரவு வேலை பாக்கறவங்க குடியிருக்கற லைன் வீடுங்க. ஒருநாள் காலைல வந்து சுவத்துல செவப்புப் பெயிண்டுல கிராஸ் போட்டுட்டுப் போயிட்டாங்க. காலி பண்ணணுமாம். ஒரு நோட்டீஸ் இல்ல, ஒரு விசாரணை இல்ல. வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும்ல? அரசியல் சட்டம் எங்களுக்கு மட்டும் லீவா?"

அவன் காபியைக் குடிக்கவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். "ஸ்டே வாங்கினீங்களா?"

"அடுத்த ஹியரிங் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள ஜட்ஜு மாறினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இவரு பொறுமையாக் கேக்கறாரு."

"எந்தக் கோர்ட்?"

"அஞ்சாவது ஹால். வெறும் கேஸ் இல்லங்க எனக்கு... நான் பொறந்ததே அந்த லைன்லதான்."

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. பாதிக் காபியை மேஜைமேல் வைத்தான். "நான்... போகணும்," என்றான். காசை வைத்துவிட்டு, குடையைக் கூட விரிக்காமல் மழையில் இறங்கி நடந்தான்.

மகா நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. எந்தத் தெரு என்று கேட்பார்கள், பதில் சொன்னதும் குரல் மாறும். வாடகைக்கு வீடு தேடியபோது பார்த்திருக்கிறாள், கல்லூரித் தோழிகளின் வீடுகளில் பார்த்திருக்கிறாள். ஆனால் இவன்... இந்தக் கண்களை வைத்துக்கொண்டு இவனுமா?

போடா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். காபி கசந்தது. இருந்தாலும் முழுவதும் குடித்தாள்.

ஹியரிங் அன்று ஐந்தாவது ஹாலுக்குள் நுழைந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. நீதிபதியின் மேடைக்குக் கீழே, ஓரமாகப் போட்டிருந்த சின்ன மேஜையில் அவன்.

"மேடம், யாரு அது?" சீனியர் ரத்தினம்மாளின் காதில் கேட்டாள்.

"ஜட்ஜோட புது லா கிளார்க்டி. ஃபைலைப் படிச்சு, பழைய தீர்ப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கற பையன். யுவனோ என்னமோ பேரு. ஏன்?"

"சும்மா."

ஒருமுறை கூட அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்தான். காகிதங்களை அடுக்கிக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

மகாவுக்குக் காது மடல் சுட்டது. எங்க கேஸ் நடக்கும்போது உட்காரக்கூட முடியலையா துரைக்கு?

ரத்தினம்மாள் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி கையை உயர்த்தினார்.

"வாதத்துக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். என் அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவருக்கு மனுதாரர் தரப்பு இளம் வக்கீலோடு அறிமுகம் ஏற்பட்டிருக்கிறது. மறுநாள் காலையே அவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த ஃபைல் அவர் கைக்குப் போகவில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அரசுத் தரப்புக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். வேறு பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறேன்."

ஹால் முழுவதும் மகாவைப் பார்த்தது.

"அறிமுகமா?" ரத்தினம்மாளின் உதடு அசையாமல் குரல் வந்தது. "எப்படிடீ?"

"ஒரு காபி மேடம்... மழை..."

"காபியா!"

பின்வரிசையில் சின்னத்தாயி அக்கா உட்கார்ந்திருந்தாள். முதல் மனுதாரர். வேலைச் சீருடையோடு வந்திருந்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரியவில்லை, மகாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து போயிருந்தாள். வேறு பெஞ்சு என்றால் இன்று சாயங்காலத்தோடு ஸ்டே முடிந்தது. நாளைக்கே ஜேசிபி வரும். ஒரு காபிக்கு ஒரு லைன் வீடா?

அரசு வக்கீல் மஞ்சுநாத் மெதுவாக எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பாவி மனுஷன், என்ன நிதானம்...

"ஆட்சேபணை இல்லை, மை லார்ட். மறைக்காமல் சொன்ன இடத்தில் எனக்கென்ன சந்தேகம்?"

மகா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ரத்தினம்மாள் பேசினாள். மஞ்சுநாத்தும் விடவில்லை, நிலம் அரசுடையது என்று அழுத்திச் சொன்னார். மதியத்துக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பை வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்தார். நிலம் யாருடையது என்பது வேறு கேள்வி. அதில் வாழ்கிறவர்களின் சொல்லைக் கேட்காமல் அவர்களை வெளியேற்ற அரசுக்கும் அதிகாரமில்லை. உயிர்வாழும் உரிமையில் தலைக்குமேல் கூரையும் சேர்த்தி. ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டு முடிவெடுக்கும்வரை ஒரு செங்கல்லைக் கூடத் தொடக் கூடாது.

சின்னத்தாயி அக்கா வராந்தாவில் மகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் லைன் மொத்தத்துக்கும் போன் போடப் போனாள்.

"போடி," என்றாள் ரத்தினம்மாள். "அங்க தூண் பக்கத்துல உன் அறிமுகம் நிக்குது. தூணே விழுந்துடும்போல சாஞ்சிருக்கான்."

யுவன் நிமிர்ந்தான். "கங்கிராட்ஸ்."

"பேச்சு வருதா உங்களுக்கு?"

"தீர்ப்பு ஆயிடுச்சு. இப்பப் பேசலாம்."

"அன்னிக்கு ஓடிப் போனீங்களே... நான் பொறந்த இடத்தைச் சொன்னதும் ஓடறீங்கன்னு நினைச்சேன். தெரியுமா?"

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ... இல்லைங்க. அஞ்சாவது ஹால்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான். இன்னும் ஒரு வார்த்தை கேட்டாக்கூட உங்க கேஸுக்குத் தப்பு. அத்திபெலே போய்ச் சேர்ற வரைக்கும் அதே யோசனை... நீங்க அப்படி நினைச்சிருப்பீங்கன்னு சத்தியமாத் தோணல. தோணியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

மன்னிப்பைக் கேட்டுவிட்டு அவன் நழுவவில்லை. அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை.

"அது சரி... ஒரு காபி. அதுவும் பாதி. அதைப் போய் ஜட்ஜுகிட்டச் சொல்லணுமா? கோர்ட்டே என்னைப் பாத்துச்சு. மானம் போச்சு."

"அவரும் அதையேதான் கேட்டாரு. 'ஒரு காபிதானேப்பா, இதுக்கெல்லாமா வந்து சொல்லுவே'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

யுவன் தரையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். "வெறும் காபியா இருந்தா வந்திருக்க மாட்டேன் சார்னு சொன்னேன்."

வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மகாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

"அப்போ... ஜட்ஜுக்குத் தெரியும். அரசு வக்கீலுக்குத் தெரியும். எங்க சீனியருக்குத் தெரியும். எனக்குத்தான் கடைசியாத் தெரியுதா?"

"உங்ககிட்டச் சொல்ல அப்ப எனக்கு உரிமை இல்லை. இப்ப இருக்கு. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு மகா. பதில் இன்னிக்கே வேணாம். யோசிச்சு..."

"நான் எதுக்கு யோசிக்கணும்? எனக்கும்தான் பிடிச்சிருக்கு." அவள் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் கன்னம் சூடாயிற்று. "ஆனா ஒண்ணு... இதையும் போய் ஜட்ஜுகிட்டச் சொல்லிடாதீங்க!"

"சொல்லித்தான் ஆகணும்," என்றான் யுவன் பரிதாபமாக. "உங்களுக்கு அஞ்சாவது ஹால்ல இன்னும் மூணு கேஸ் இருக்கே."