பாதத்தில் ஏறிய குண்டூசி

"அப்பாவோட காலத் தொட்டுப் பாருங்க டாக்டர்."

எதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினாளோ, அதைத்தான் மகள் வாயைத் திறந்ததும் கேட்டாள். பெரிய டாக்டர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. அப்பா நாற்காலியில் கூனிக் குறுகினார். முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால். சர்க்கரையில் நரம்பு மரத்து, இப்போது பெடல் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தைக்கிறார். மாத்திரைக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர், ஊசி குத்தி எரிச்சலைக் குறைக்க இன்னொருவர்... ஒருவர் சொல்வது அடுத்தவருக்குத் தெரியாது.

அந்த வீட்டில் காலேஜ் படித்தவள் அவள் ஒருத்திதான். பெரிய டாக்டருக்கே வேலை சொல்கிறாள், படித்த திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"நான் பாக்கறேன்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அப்பாவுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவன். அதுவரை அவனைச் சுவரோடு சுவராகத்தான் நினைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை மடியில் வைத்து, மெல்லிய நைலான் இழையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டான். அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. குதிகாலருகே அவன் விரல் நின்றது. குண்டூசி. தலைவரை உள்ளே இறங்கியிருந்தது. அப்போதுதான் பெரிய டாக்டர் எழுந்து வந்தார்.

"வீட்ல யாரும் தினமும் பாதத்தப் பாக்கறதில்லையா?" குனிந்தபடியே கேட்டான் பயிற்சிக்காரன்.

"பாக்கணும்னு இதுவரைக்கும் யார் சொன்னீங்க?"

நிமிர்ந்தான்... மழைக்கு முன் வானம் கறுக்குமே, அப்படி ஒரு கண். பாதிக் கோபத்தை அங்கேயே தொலைத்தாள்.

மறுவாரமே மற்ற இரண்டு வைத்தியர்களையும் தன்னோடு ஒரே அறையில் உட்கார வைத்தான். எல்லாருக்கும் பொதுவாக ஒரே நோட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பது அவள் வேலை. நான்கு மாதத்தில் அப்பா எரிச்சலில்லாமல் தூங்கினார். மரப்பு போகவில்லை. புதுப் புண்ணும் வரவில்லை.

அவனோ காலைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஒருநாள் போர்ட்டிகோவில் மழைக்கு ஒதுங்கியபோது, நோயாளி வீட்டாரோடு பழகக்கூடாது என்று தரையைப் பார்த்தே சொன்னான். யார் பழக வந்தார்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு, இரண்டு வாரம் அப்பாவோடு அம்மாவை அனுப்பினாள். அந்த இரண்டு வாரமும் அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று அவளே வந்தாள்.

"நாளையிலேர்ந்து அப்பாவ உங்க சீனியர் மேடம் பாப்பாங்க. கவுண்டர்ல மாத்தி எழுதிட்டேன். நோட்ட அவங்க ஒரு வரி விடாம படிச்சாச்சு."

அவன் முகம் செத்துப்போனது. "எம்மேல கோவமா?"

"கோவம்தான். நாலு மாசமா கால மட்டுமே பாத்தீங்க..." குடையை மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இப்ப நீங்க எங்கப்பாவுக்கு வைத்தியர் இல்ல. பதில் சொல்றதா இருந்தா ஆறு மணிக்கு வீட்டுக்கு வாங்க. கண்ணாடி பிடிக்க இன்னொரு கை வேணும்."

"ஏங்க..." என்றான்.

அவள் திரும்பவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. மணி ஐந்தரை. குடையை விரிக்கக்கூட நிற்காமல் இறங்கி நடந்தாள்.