நான்கு டன் தாகம்

புதுச்சங்ககிரியில் பொழுது விடிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை சுவரைத் துடைப்பது. தூக்கத்தில் விட்ட மூச்சின் ஈரம் அறையின் உலோகச் சுவரில் முத்து முத்தாகப் படிந்திருக்கும். அதைத் துணியால் ஒற்றியெடுத்து, கிண்ணத்தில் பிழிந்து, வாசலிலுள்ள குழாயில் ஊற்ற வேண்டும். குழாய் அளந்து பார்த்து நன்றி சொல்லும். முந்தைய நாளைவிட இரண்டு கரண்டி குறைந்திருந்தால் நன்றி சொல்லாது. அன்று அந்த வீட்டில் காப்பி கிடையாது.

செவ்வாய்க் கோளின் வடபாதியில், பெரிய பள்ளம் ஒன்றின் விளிம்பில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்தது அந்த ஊர். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒப்பந்தத்துக்கு வந்து, அப்படியே தங்கி, சொந்த ஊரின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். இப்போது பதினோராயிரம் பேர். ஊரில் சொட்டு நீர் ஊறாது. அறுநூறு கிலோமீட்டர் வடக்கே வெட்டியெடுக்கும் பனிப்பாளங்களை முப்பது லாரிகள் சுமந்து வந்து கொட்டினால்தான் குடிக்கலாம், சமைக்கலாம், மூச்சும் விடலாம்.

அந்த முப்பதில் ஒன்று நாச்சிமுத்துவுடையது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, லாரிக்கு இருபத்தாறு. பூமியில் செய்து அனுப்பிய பழைய ரகம் அது. ஓட்டுநர்கள் அந்த ரகத்தைக் ‘காளை’ என்பார்கள். இரண்டு எஞ்சின், ஆளுயரத்தில் எட்டுச் சக்கரம், எதையும் ஸ்பானர் போட்டுக் கழற்றிவிடலாம். ஆனால் குடிக்கும். லாரிக்கு வேண்டிய எரிவளியையும் அந்தப் பனியை உருக்கிப் பிரித்துத்தான் செய்தாக வேண்டும். காளை பத்து டன் பனி கொண்டுவந்தால் நான்கு டன் மறுபடி அதன் வயிற்றுக்கே போய்விடும். எரிந்தபின் வரும் நீராவியோ வெளிக்காற்றில் கலந்து ஒன்றுமில்லாமல் போகும்.

இந்த நிலையில்தான் ஊரின் நீரைப் பங்கிடும் நீர்ச்சபை ‘சிட்டு’ என்ற புதிய ரகத்தைக் கொண்டுவந்தது. எடை பாதி. ஒரே எஞ்சின். வெளியேறும் நீராவியைக்கூடப் பிடித்துக் குளிரவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பத்து டன்னுக்கு ஒரே டன்தான் குடிக்கும். பழைய லாரியைக் கொடுத்தால் இதைத் தருவோம், கட்டாயம் எதுவும் இல்லை, லாரி ஓட்டுநரின் சொந்தச் சொத்து, அவரே முடிவு செய்யட்டும் என்றது சபை. ஒரே ஒரு நிபந்தனை. கொடுத்த காளையை அன்றைக்கே உடைத்து உருக்கிவிடுவார்கள். பிடிக்கவில்லை என்று திரும்பக் கேட்க முடியாது.

இருபது பேர் மாற்றிக்கொண்டால் மிச்சமாகும் நீரில் இன்னும் நானூறு உயிர் வாழலாம் என்றும் அறிவிப்பில் இருந்தது. நாச்சிமுத்துவைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வரிதான். புதுச்சங்ககிரியில் குழந்தை பெற அனுமதி வேண்டும். ஓர் உயிர் கூடினால் அது ஆயுள் முழுக்கக் குடிக்கும். அதற்கான நீர் கையிருப்பில் இருந்தால்தான் அனுமதி. அவருடைய ஒரே மகள் வெண்ணிலாவும் மருமகன் தரணீஷும் நான்கு வருடமாக அந்த வரிசையில் இருந்தார்கள்.

ஆனால் சிட்டின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதன் எஞ்சின் மூடி முத்திரையிட்டிருந்தது. ஓட்டுநர் திறக்கக் கூடாது. போக எவ்வளவு, வர எவ்வளவு என்று கணக்கிட்டு அதற்கு மட்டுமே எரிவளி நிரப்பிக்கொள்ளும். கூடுதல் டேங்க் கிடையாது. அந்தப் பாதையில் வண்டி நின்றால் இறங்கி நடக்க முடியாது. உதவி வந்து சேர இரண்டு நாளாகும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு புழுதிப்புயலில் ஒன்பது நாள் மாட்டிக்கொண்டபோது, காளையின் வீணாகப்போகும் சூடும் யாரும் கேட்காத கூடுதல் டேங்கும்தான் அவரைக் காப்பாற்றின.

மனைவி தெய்வானை ஒரு பக்கமும் சாயவில்லை. மகளுக்காக மாற்றுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு ஒரே பதில்தான் சொன்னாள்.

“நீங்க எதுல வேணாலும் போங்க. திரும்பி வரோணும். எனக்கு அவ்வளவுதானுங்க.”

முடிவெடுக்க முடியாமல், ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சபையின் வண்டிக் கொட்டடியில் கேட்டார். அங்கே பொறுப்பில் இருந்த ஃபிலோமினா சிட்டைத் தன் பிள்ளையைப்போல் தடவிக் காட்டினாள். இதில் வீணாவது என்று எதுவுமே இல்லை, ஓட்டுநர் விடும் மூச்சைக்கூட மிச்சம் பிடிக்கும் என்று பெருமையாகச் சொன்னாள். நாச்சிமுத்துவுக்கு அது பெருமையாகக் கேட்கவில்லை.

போகும்போது லாரி வழுக்கிக்கொண்டு போனது. பனி ஏற்றித் திரும்பும் வழியில், இரண்டாம் நாள் மதியம், மேற்கே வானம் செங்கல் நிறமாகிப் புழுதி எழுந்தது. அரை மணி நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. லாரி தானாக நின்றது. காளையாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, கதகதப்பில் காலை நீட்டிப் படுத்திருப்பார். சிட்டு எஞ்சினை அணைத்தது. பிறகு மரியாதையான குரலில் பேசியது.

“சேமிப்பு முறை தொடங்குகிறது. அறை வெப்பம் நான்கு பாகைக்குக் குறைக்கப்படும். ஓட்டுநரின் உயிருக்கு இது போதுமானது.”

அவர் வெப்பத்தைக் கூட்டும் நெம்புகோலைத் தேடினார். அப்படி ஒன்றே அதில் இல்லை. சூட்டைக் கூட்டச் சொன்னார், கெஞ்சினார், ஒரு கட்டத்தில் திட்டினார். லாரி மறுபடி அதையே சொன்னது. இருந்த உடைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலை மார்போடு சேர்த்து உட்கார்ந்தார். முப்பத்தொரு மணி நேரம். இந்த லாரி ஓட்டுநரையும் ஒரு செலவாகத்தான் பார்க்கிறது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. ஓட்டுநரின் மூச்சை நிறுத்திவிட்டால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும் என்று அது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தபின் கண்ணை மூடவே இல்லை.

புயல் ஓய்ந்தது. லாரி கிளம்பியது. ஊர் வாசலில் வந்து நின்றபோது டேங்கில் பதினோரு கிலோமீட்டருக்கான எரிவளி இருந்தது. ஃபிலோமினா ஓடிவந்து முள்ளைப் பார்த்து, புயலிலும் பதினோரு கிலோமீட்டர் மிச்சம் என்று கைதட்டினாள். நாச்சிமுத்துவால் படியில் கால் ஊன்ற முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். இந்த வண்டி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். குளிரில் தாடை அசையவில்லை. அதனால் அன்று சொல்லாமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெண்ணிலா அவரைப் பார்க்க வந்தாள். காலுக்குச் சூடான மணல்பை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தாள். குனிந்திருந்த அவள் முகத்தை அவர் அப்போதுதான் சரியாகக் கவனித்தார். உதடு முழுக்க வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

தெய்வானைதான் பிறகு சொன்னாள். தன் பங்கு நீரில் பாதியை வெண்ணிலா இரண்டு வருடமாகப் பிறப்புக் கையிருப்பில் போட்டுவருகிறாளாம். அப்படிப் போடுகிறவர்களின் பெயர் வரிசையில் கொஞ்சம் மேலே நகருமாம். அவளுக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை வருடத்துக்குமேல் காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அப்பாவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் பயந்துகொண்டே அந்த லாரியில் ஏறிவிடுவார் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நாச்சிமுத்து அடுத்த நாளே கொட்டடிக்குப் போய்ப் பெருவிரல் பதித்தார். காளையை உடைப்பதைப் பார்க்க நிற்கவில்லை. சிட்டில் ஏறி உட்கார்ந்து வடக்கே கிளம்பினார்.

அவர் மாற்றிக்கொண்டதைப் பார்த்து இன்னும் பலர் துணிந்தார்கள். அத்தனை அனுபவம் உள்ளவரே போகிறார், நமக்கென்ன என்றார்கள். ஏழெட்டு மாதத்தில் இருபதையும் தாண்டி இருபத்து நான்கு லாரிகள் மாறின. நாச்சிமுத்துவுக்கு மட்டும் பயம் பழகவே இல்லை. ஒவ்வொரு நடையிலும் முள்ளைப் பார்ப்பதும் மேற்கு வானத்தைப் பார்ப்பதுமாக, கழுத்து வலியோடுதான் திரும்பிவருவார். இரண்டுமுறை மறுபடி குளிரில் மாட்டினார். இடது கையில் ஒரு விரல் மரத்துப்போனது போனதுதான். ஆனால் ஊரின் பெருந்தொட்டியில் நீர்மட்டம் ஒவ்வொரு வாரமும் ஏறியது. மக்கள் வேலை முடிந்து போகும்போது அங்கே நின்று கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

தொட்டி நிறைந்த வாரம், உபரியை என்ன செய்யலாம் என்று சபை வாக்கெடுப்பு அறிவித்தது. நாச்சிமுத்து அப்போது புதிய பனிப்பள்ளம் ஒன்றுக்கு இருபத்திரண்டு நாள் நடை போக வேண்டியிருந்தது. பிறப்பு அனுமதிக்கே என்று தன் வாக்கைத் தெய்வானையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றியது. பதினைந்தாம் நாள் வானொலி கொஞ்ச நேரம் தெளிவாக எடுத்தது. வெண்ணிலாவின் குரல் வந்தது. வந்ததும் ஒரு நல்ல சேதி இருக்கிறது, இப்போது சொல்ல மாட்டேன் என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அன்று முழுவதும் அவர் முள்ளைப் பார்க்க மறந்துபோனார். ஆண் குழந்தை என்றால் ஒரு பெயர், பெண் என்றால் ஒரு பெயர் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் மாலை ஊரின் காற்றுக்கதவு கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தபோது, அவர் வேகத்தைக் குறைத்தார். கதவுக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டருக்குச் சிவப்பு விளக்குகள். அந்த வாசலில் ஒரே நேரத்தில் மூன்று லாரிக்குமேல் நின்று அவர் பார்த்ததே இல்லை. கூரை உடைந்துவிட்டதா, ஊரைக் காலி செய்கிறார்களா, தெய்வானை எங்கே இருப்பாள் என்று மனம் பதறியது. கதவுக்காவலரை வானொலியில் அழைத்தார். மூன்றாவது முறைதான் பதில் வந்தது.

“ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க.”

கிட்டே போனபிறகுதான் புரிந்தது. வரிசையில் நின்றவை எல்லாம் முட்டை வடிவச் சின்ன வண்டிகள். மஞ்சள், பச்சை, ஊதா. இரண்டு பேர் உட்காரலாம். உலோகத்தில் வண்டியையே அச்சிடும் பட்டறையில் சுடச்சுட இறக்கியிருந்த பளபளப்பு இன்னும் போகவில்லை. காற்றுக்கதவு ஒரு முறைக்கு ஆறு வண்டியைத்தான் உள்ளே விடும்; ஒவ்வொரு முறையும் காற்றை நிரப்பி எடுக்கக் கால் மணி நேரமாகும். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பனி லாரிகள் வந்து நின்றன. எஞ்சினை அணைத்து அணைத்துக் கிளப்பினால் இன்னும் அதிகம் குடிக்கும். எல்லாரும் ஓடவிட்டபடியே நின்றார்கள். சிட்டின் முள் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரத்தில் கால் கிலோமீட்டர்கூட நகரவில்லை.

பொறுக்க முடியாமல் ஹாரனை அழுத்தினார். அங்கே மெல்லிய காற்றில் ஒலி எட்டாது. முன்னால் நிற்கும் வண்டிக்குள் வானொலி வழியாக அலறும். மூன்றாவது தடவை அழுத்தியபோது அந்த ஊதா வண்டியிலிருந்து பதில் வந்தது.

“அப்பா, ஹாரன் அடிக்காதீங்க. முன்னாடி நிக்கறது நாங்கதானுங்க.”

பின்கண்ணாடி வழியாக வெண்ணிலா திரும்பிக் கையசைப்பது தெரிந்தது. பக்கத்தில் தரணீஷ்.

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பிறகு அனுமதி என்னவாயிற்று என்று மட்டும் கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். உபரியை வீட்டுக்கு வீடு பங்கிட்டுவிடலாம், அவரவர் விருப்பம் என்று வாக்கெடுப்பில் முடிவானது. பங்கை அனுமதிக்கும் வைக்கலாம், அதைக் கொடுத்து வண்டியும் எரிவளியும்கூட வாங்கலாம். முதல் வாரம் நாலு வீட்டில்தான் வண்டி வாங்கினார்கள். அடுத்த வாரம் அவர்கள் தெருவில் இவர்களைத் தவிர எல்லார் வீட்டு வாசலிலும் வண்டி நின்றது.

“வேண்டாம்னுதானுங்கப்பா நெனச்சோம்,” என்றாள். “ஆனா நாளைக்கே கொழந்த பொறந்தா, அத வெளிய கூட்டிட்டுப் போக ஒரு வண்டி வேணுமில்லீங்களா? அடுத்த சுத்துல அனுமதி வாங்கிக்கலாம்னு இவரு சொன்னாருங்க. தொட்டி கொஞ்சம் எறங்கியிருக்குது, அவ்வளவுதான். இன்னும் கம்மியாக் குடிக்கற லாரி வருதாமே, அது வந்துட்டா சரியாப் போயிருமுங்க.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் லேசாகத் தளும்பியது. தரணீஷ் ஏதோ சொல்லி அவள் தோளைத் தட்டினான். முன்னால் ஆறு வண்டிகள் உள்ளே போக, வரிசை கொஞ்சம் நகர்ந்தது. நாச்சிமுத்து மரத்த விரலால் கியரைத் தள்ளி, மகளின் வண்டி போன அளவுக்கே போய், மறுபடி நின்றார். எதையாவது கேட்டாக வேண்டும்போல இருந்தது.

“அத்தன தூரம் எங்க கண்ணு போயிட்டு வர்றீங்க?”

“எங்கயும் இல்லீங்கப்பா,” என்றாள் வெண்ணிலா. “சும்மா ஒரு ரவுண்டு.”