மேபிள் ஏன் நின்றது?

பிரீடாவுக்குப் பத்து வயது. அவளைக் கேட்டால், விஸ்கான்சின் மாநிலத்திலேயே பெரிய கெட்டிக்காரி அவளுடைய அக்கா மாரிட்தான்.

பின்னே? மாரிட்டுக்குப் பதினாறுதான் ஆகிறது. காலையில் பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல் கிராவ்ஸ் பால் பண்ணையில் தொழில் பயிற்சி. முரட்டுக் கன்றுக்கும் புட்டிப்பால் புகட்டிவிடுவாள். டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, கொட்டகைக்குள் கோணாமல் நிறுத்துவாள்!

அன்று சனிக்கிழமை. பண்ணைக்காரர் கிராவ்ஸ், மாரிட்டிடம் சொன்னார்: "இன்னிக்குப் பால் கறக்க மந்தைய நீ தனியாவே ஓட்டிட்டு வா. சரியா வந்துட்டா, லீவு முழுக்க மந்தை உன் பொறுப்பு."

"அக்கா, நானும் வரட்டுமா?" என்று குதித்தாள் பிரீடா.

"வா. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"அதையும் கொஞ்சமா விடு!"

அறுபது பசுக்களும் மேய்ச்சல் நிலத்திலிருந்து அழகாக வரிசையில் வந்தன. முன்னால் வந்தது மேபிள். அது போகும் வழியில்தான் மற்றவை போகும்.

கொட்டகைக்கு முன்னால் வேலியில் இருந்த திறந்த கதவருகே மேபிள் சட்டென்று நின்றது. பின்னால் வந்த எல்லாப் பசுக்களும் நின்றுவிட்டன.

"வாடா தங்கம், வா" என்று மாரிட் கெஞ்சினாள். மேபிள் அசையவில்லை.

"குச்சியால ஒண்ணு வை, நகரும்!" என்று கொட்டகை வாசலிலிருந்து கத்தினார் கிராவ்ஸ்.

"வேணாம், மிஸ்டர் கிராவ்ஸ். இது எதுக்கோ பயப்படுது. அடிச்சா பயம் ரெண்டு மடங்காகும்."

"மடி கனத்துப்போய் நிக்குதுங்க, பாரு. அஞ்சு நிமிஷம் தரேன். அப்புறம் நானே ஓட்டிக்கறேன்."

மாரிட்டின் முகம் சிவந்துவிட்டது. கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஒன்றும் புலப்படவில்லை.

பிரீடா மேபிளையே பார்த்தாள். அது தலையைத் தாழ்த்தி, எதையோ முறைத்துக்கொண்டிருந்தது. 'நாம நிமிர்ந்து நின்னு பார்க்கறோம். அது குனிஞ்சு பார்க்குதே!'

உடனே சேற்றில் மண்டி போட்டு, மேபிள் பார்த்த பக்கமே தலையைத் தாழ்த்தினாள்.

பளீர்!

வேலியின் கீழ்க்கட்டைக்கு அடியிலிருந்து வெயில் கண்ணில் குத்தியது. நிற்பவர்களுக்குத் தெரியாதபடி கட்டை மறைத்திருந்தது. ஓடிப்போய்க் கையை விட்டாள். வெளியே வந்தது, வெயில் பட்டு மின்னும் ஒரு எவர்சில்வர் காபி குடுவை.

"அட, என் குடுவை! காலையிலேருந்து இதைத்தான் தேடறேன்" என்றார் கிராவ்ஸ். அவருடைய காதுகூடச் சிவந்துவிட்டது.

மேபிள் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கொட்டகைக்குள் நடந்தது. மற்றவையும் பின்னாலேயே போயின.

"அடிக்காமலே ஓட்டிட்டியே, மாரிட்! சொன்னபடி லீவு முழுக்க மந்தை உன் பொறுப்பு" என்றார் கிராவ்ஸ்.

"ஆனா கண்டுபிடிச்சது நான் இல்ல. என் தங்கச்சி" என்று மாரிட் பிரீடாவை முன்னால் இழுத்தாள்.

முழங்கால்வரை சேறு வழிய நின்ற பிரீடா கேட்டாள்: "மிஸ்டர் கிராவ்ஸ், இந்தப் பயிற்சில சேர எத்தனை வயசு ஆகணும்?"

"பதினாறு."

"ஐயோ! இன்னும் ஆறு வருஷம் இருக்கே. அப்போ எனக்கு இடம் இருக்குமா?"

"இருக்கும்" என்றார் கிராவ்ஸ். "இல்லன்னா மேபிள் என்னைச் சும்மா விடாது!"