ஏழு ஈற்றுக் கண்ட பூனை

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். மின்விசிறிக்கு நேர் கீழே, தன் பிரம்பு நாற்காலியில், தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அவர். தரையில், சோபாவில் முதுகு சாய்த்து, கை நிறையப் பச்சை வளையல்களோடு, அவர் மனைவி. சோபாவின் கைப்பிடி மேல், ஒழுங்காக உட்காரத் தெரியாத மச்சினி. வாசலை ஒட்டிய முக்காலியில், மடியில் கூடையோடு, பூனை வளர்த்து விற்கும் பெண்மணி. கூடை திறந்ததும் வெளியே வந்த வெள்ளைப் பூனை யாரையும் பொருட்படுத்தாமல் நேரே மனைவியிடம் போனது. அவள் பிடரியை முகர்ந்தது. பிறகு அந்தத் தோலைப் பல்லால் மெல்லக் கவ்விப் பார்த்தது, எடை பார்ப்பதுபோல.

“ஏழு ஈத்து போட்டாச்சு சார். ஆபரேஷனும் பண்ணியாச்சு, இனி குட்டி கிடையாது. சும்மாவே தர்றேன்,” என்றாள் பெண்மணி. “ஒண்ணே ஒண்ணு. இதை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திடாதீங்க. குட்டியை விக்கிறப்பல்லாம் அப்படித்தான் அடைப்போம். திறக்கிறப்ப ஒண்ணு குறைஞ்சிருக்கும். அந்தப் பயம் இன்னும் போகல.”

“பூனை பயப்படுது, அதுக்காக நான் வீட்டைத் திறந்து போட்டுட்டு உட்காரணும். நல்ல கதையா இருக்கு!” என்றார் அவர்.

“அத்தான், உங்களுக்குச் சரியான ஜோடி,” மச்சினி சிரித்தாள். “ரெண்டு பேரும் ரிடையர். ஆனா இது வேலை பார்த்துட்டு ரிடையர் ஆயிருக்கு.”

அவர் நாற்காலியில் சாய்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அடிவயிற்றுத் தோல் தொங்கும் ஒரு கிழட்டுப் பிராணி. அதன் தீனிச் செலவை அடுத்தவர் தலையில் கட்ட வந்த ஒருத்தி. அதைப் பார்த்து உருகும் அக்கா தங்கை. உலகத்தில் அசடுகளுக்குப் பஞ்சமே இல்லை.

மனைவியின் பிடிவாதத்தால் பூனை வீட்டில் தங்கியது. தினமும் நாலு மணிக்கு அவர் கடிதம் எழுத உட்காருவார்; தாளில் ரோமம் ஒட்டுகிறது என்று அப்போது அதைச் சாமான் அறையில் தள்ளித் தாழ் போட்டார். அது கத்தவில்லை, கதவைப் பிறாண்டவுமில்லை. கதவுக்கு அப்பால் நிதானமாக நக்கும் ஈரச் சத்தம் கேட்டது. அதன் அடியில், காதைக் கொடுத்துக் கேட்டால் மட்டும் பிடிபடும்படி, பல சின்ன வாய்கள் சப்புக்கொட்டும் சத்தம். கதவிடுக்கு வழியாக, பழைய செய்தித்தாள் நெடியையும் மீறிக்கொண்டு, இளஞ்சூடான பால் வாடை. குழாய் ஒழுகுகிறது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்த அறையில் குழாய் கிடையாது.

“குட்டி இல்லாத பூனைக்கு ஏங்க பால் சுரக்குது?” மனைவி கேட்டாள்.

“உன் தங்கச்சியைக் கேளு. அவளுக்குத் தெரியாததா?”

எட்டாம் நாள் மழை. பூனையைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்து அவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். மனைவி சாமான் அறை வாசலில் நின்றாள்.

“திறங்களேன். பாவம், குளிர்ல நடுங்கும்.”

“அவ்வளவு பாசமா? போ, நீயும் உள்ள போய் உட்காரு.”

அவர் கதவைத் திறந்துவிட்டார், அவள் உள்ளே போனாள். அவர் தாழைப் போட்டார். பத்து நிமிடம் இருக்கட்டும், புத்தி வரும்.

“அம்மணி, தாங்கள் தானமாக வழங்கிய பிராணியின் பெருமையை என்னென்பது,” என்று தொடங்கியது கடிதம். குத்தல் நன்றாக வந்தது. உள்ளே மனைவி பூனையோடு ஏதோ பேசினாள். நக்கும் சத்தம். கூச்சத்தில் அவள் சிரித்தாள். “போதும்டி, விடு.” மறுபடி நக்கும் சத்தம்.

“என்னங்க.”

வாக்கியம் முடியட்டும் என்று இருந்தார்.

“என்னங்க.” குரல் மெலிந்திருந்தது.

மூன்றாவது தடவை அது தரைமட்டத்திலிருந்து வந்தது.

எழுந்தார். தாழை நீக்கினார். ஜன்னல் இல்லாத அறை. நடுவில் அவள் புடவை, கழற்றியதுபோல் இல்லை. உள்ளிருந்தவள் கரைந்ததுபோல், வட்டமாக, கொசுவம் கலையாமல். தொட்டார். சூடு.

பூனை சுவர் ஓரம் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

வயிற்று ரோமத்துக்குள் ஏதோ அசைந்தது.

கட்டைவிரல் அளவு. ஈரம். கண் திறக்காத முகம். மாறி மாறி மடியைப் பிசையும் இரண்டு கைகள். கைகளில் நூலாய்ப் பச்சை வளையல்கள்.

அவர் கையை நீட்டினார். பூனை தன் முன்காலை அந்தச் சின்ன உருவத்தின்மேல் போட்டு மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. முப்பது வருடம் அவர் மேஜை முன் நின்றவர்களை அவர் பார்த்த பார்வை அது.

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினார். பழைய தாளைக் கிழித்தார். புதிதாக எழுதினார்: “அம்மணி, பூனை எங்களிடமே இருக்கட்டும். தயவு செய்து யாரும் வந்து எடுத்துப் போக வேண்டாம். எத்தனை நாளில் கண் திறக்கும், எத்தனை வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கலாம் என்பதை மட்டும் உடனே தெரிவிக்கவும்.” தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். உறையில் பசை தடவி, நான்கு விரலால் அழுத்தி ஒட்டினார்.

போன் செய்து வரவழைத்த கூரியர்காரர் மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். உறையை வாங்கிப் பைக்குள் போட்டவர் உள்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், பூனை குட்டி போட்டிருக்கா? கத்துற சத்தம் கேக்குதே.”