அண்ணையின் நான்காவது வியாபாரம்

அன்று காலையும் கோபிசங்கர் புதிதாக ஒரு முதலாளி ஆகியிருந்தான்.

"தனு, இனி நாங்கள் சோப்பு!" என்று கூவினான்.

பல் துலக்கிக்கொண்டிருந்த தங்கை தனுஷிகா வாயிலிருந்த நுரையைத் துப்பினாள். "நேற்று வடகம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது நேற்று."

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாளிலிருந்து அண்ணை வீட்டில் இருந்தபடியே இணையத்தில் வியாபாரம் செய்கிறான். அதாவது, செய்யத் தொடங்குகிறான். தொடங்குவதில் அவனை மிஞ்சச் சண்டிலிப்பாய் ஊரிலேயே ஆளில்லை.

முதலில் வாசனை மெழுகுதிரி. நிறத்துக்காகத் தனுஷிகாவின் பாஸ்டல் வண்ணக்குச்சிகள் முழுவதும் உருகிப்போயின. பிறகு பூங்கன்று. அவளுடைய தண்ணீர்ப் போத்தலில் இப்போதும் ஒரு ரோசா நிற்கிறது. பிறகு வேப்பம்பூ வடகம். ஒவ்வொரு முறையும், அம்மாவின் போனில் இருக்கும் வியாபாரப் பக்கத்தின் பெயரும் மாறும். பொருள் மட்டும் விற்காது.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த மாதத்துக்குள்ளை ஏதாவது ஒண்டை வித்துக் காட்டு. இல்லாட்டில் கொழும்பிலை மாமாவின்ரை ஆணிக்கடைக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

போனால் போகட்டுமே என்று தனுஷிகாவும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் அவளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போகிறவன் அவன்தான். சந்தியில் நிற்கும் கறுத்த நாய் அவனுக்கு மட்டும்தான் பயப்படும்.

அண்ணை சோப்பு அச்சு வாங்க வெளிக்கிட்டுப் போனான். முற்றத்துப் பாயில் வடகம் பாதி காய்ந்து கிடந்தது. வேப்பம்பூ பொறுக்கியது தனுஷிகா. உழுந்து அரைத்து வடகம் தட்டியது அம்மா. பெயர் வைத்தது அண்ணை.

அப்போது அம்மாவின் போன் கிணுங்கியது. குருநகரிலிருந்து ஸ்ரெல்லா என்பவர் எழுதியிருந்தார்.

"தம்பி, போன கிழமை வடகப் படம் போட்ட பக்கம் உதுதானோ? இப்ப சோப்பெண்டு கிடக்கு. என்ரை தங்கச்சி வெள்ளிக்கிழமை கனடா போறா. கொண்டுபோக வடகம் வேணும்."

தனுஷிகா வானத்தைப் பார்த்தாள். நல்ல வெயில்.

"இருக்கு அன்ரி. இன்னும் வடிவாய்க் காயேல்லை. வியாழக்கிழமை கொண்டுவந்து தாறம்" என்று பதில் எழுதினாள்.

பிறகு அந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அதைப் பூட்டினாள்.

திரும்பி வந்த அண்ணை போனோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினான்.

"தனு! கடவுச்சொல்லை மாத்தினனியோ?"

"ஓம்."

"சொல்லு. சோப்புப் படம் போட வேணும்."

"சோப்பு எங்கை?"

"இனித்தான் செய்ய வேணும்."

"வடகம் முற்றத்திலை கிடக்கு. குருநகரிலை அதை வாங்க ஓர் அன்ரியும் இருக்கிறா. குடுத்திட்டு வாங்கோ, சொல்லுறன்."

அண்ணை விடவில்லை. ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். அவளுடைய பெயர். அவள் வளர்க்கும் ஆட்டுக்குட்டியின் பெயர். கடைசியில், "தனு நல்ல பிள்ளை."

"அது உண்மை. ஆனால் கடவுச்சொல் இல்லை."

வேறு வழியில்லாமல் ஒரு தடியை எடுத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஒரு முதலாளி காகம் கலைக்கிறதோ?"

"நீங்கள் முதலாளி எண்டு காகத்துக்குத் தெரியாதெல்லோ."

அடுத்த நாளும் குந்தினான். முனகல் குறையவில்லை. ஆனால் வடகத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டி வைத்தான். மத்தியானம் திடீரென்று வானம் இருண்டது. தனுஷிகா ஓடி வருவதற்குள், ஒருவரும் சொல்லாமலே, பாயை உள்ளே இழுத்துவிட்டான்.

"கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ரை வடகம் முழுக்க நனைஞ்சிருக்கும்!"

'என்ரை' என்றது தனுஷிகாவின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் குருநகர் போனார்கள். ஸ்ரெல்லா அன்ரி உடனேயே இரண்டைப் பொரித்துக் கடித்துப் பார்த்தார். வீடெல்லாம் மணந்தது.

"நல்லாயிருக்கடா தம்பி. உன்னைக் கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. ஒருநாள் மெழுகுதிரி, ஒருநாள் பூங்கண்டு! எனக்கு அடுத்த மாதமும் வேணும். அப்பவும் நீ வடகக்காரன்தானோ?"

அண்ணை வாயைத் திறந்தான். 

"ஓம் அன்ரி. இனி வடகம் மட்டும்தான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதையைக் கேட்டார். "அப்ப ஆணிக்கடைக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த தடவைக்கு உழுந்து ஊறப்போட்டார்.

"இனியாவது சொல்லு, தனு. பக்கத்தின்ரை பேரைத் திருப்பி வடகமாக்க வேணும்."

அவள் போனை வாங்கி, அவனுக்குத் தெரியும்படி மெதுவாக அடித்தாள்.

அண்ணைகொழும்புக்குப்போகக்கூடாது

அண்ணை அதைப் பார்த்தான். 

"இவ்வளவு நீளமோ?" என்றான்.

"அப்பதான் ஒருத்தராலையும் கண்டுபிடிக்க ஏலாது" என்றாள் தனுஷிகா.